பரிசப் பணம் யார் கைக்குப் போனது? தமிழகத்தில் பெரியவர்கள் முடித்த மணமும் பெண்ணின் இடமும்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிலில் விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆண்டு 1425. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த பிராமணர்கள், கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்ற வேறுபாடின்றி ஒன்றுகூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனிமேல் தங்களுக்குள் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவார்கள், பிராமணர் என்ற நிலையையும் இழப்பார்கள் என்பது அதன் சாரம்.

இந்தக் கல்வெட்டை வரதட்சணைக்கு எதிரான பழைய சட்டம் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழை. கல்வெட்டு தடுப்பது பெண்வீட்டார் பணம் பெறுவதைத்தான். அதாவது, ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு வட தமிழகத்துப் பிராமணரிடையே பெண்ணுக்குப் பொன் கொடுத்து மணம் முடிப்பது, கூட்டம் கூடித் தடுக்க வேண்டிய அளவுக்கு வழக்கில் இருந்திருக்கிறது. நடக்காத ஒன்றை யாரும் கல்லில் வெட்டித் தடுப்பதில்லை. பணம் மணமகன் வீட்டிலிருந்து மணமகள் வீட்டுக்குப் போன காலம் ஒன்று இருந்தது; இன்று திசை தலைகீழாக இருக்கிறது. இந்தத் திருப்பம் எப்படி நேர்ந்தது, பெரியவர்கள் பேசி முடிக்கும் மணத்தில் பெண்ணுக்கு இருந்த இடத்தை அது என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் தமிழ் மரபின் பழைய அடுக்கு. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்களில் திருமண நிகழ்ச்சி விரிவாக வருகிறது. பந்தல், புதுமணல், விளக்கு, நல்ல நாள் எல்லாம் உண்டு. தீ வளர்ப்பதும் புரோகிதரும் இல்லை. 86ஆம் பாடலில் மகப்பெற்ற நான்கு மங்கல மகளிர் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சடங்கை நடத்துபவர்கள் பெண்கள். சிலப்பதிகாரத்துக்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. கோவலனுக்கு 16 வயது, கண்ணகிக்கு 12 வயது நெருங்குகிறது; இருவரின் பெற்றோரும் மணத்தை முடிவு செய்கிறார்கள்; யானை மேல் ஏறிய மகளிர் ஊருக்குச் செய்தி சொல்கிறார்கள்; முதுபார்ப்பான் வழிகாட்ட மணமக்கள் தீவலம் வருகிறார்கள். பெண்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அறிவிக்கவும் பூத்தூவி வாழ்த்தவும் மட்டுமே. சங்கப் பாடல்களில் பெற்றோர் முடிவும் பெண்ணின் விருப்பமும் மோதுகிற இடங்களுக்கும் குறைவில்லை. தலைவியைக் கேட்டு அயலார் வருவதற்கு நொதுமலர் வரைவு என்றே ஒரு துறைப்பெயர் உண்டு. தோழி உண்மையைப் போட்டு உடைத்து அந்த மணத்தைத் தடுப்பதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெண்ணின் மனத்தைப் பெரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை இன்னொரு பெண் செய்தாள் என்பதையும், அந்தச் செயலை மரபு அறம் என்று அழைத்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிசமும் முறையும்

மனுஸ்மிருதி எட்டு வகை மணங்களைப் பட்டியலிட்டு, பணம் கொடுத்துப் பெண் கொள்வதை அசுரமணம் என்று தாழ்த்தியது. விரிஞ்சிபுரத்தில் கூடியவர்கள் பற்றிக்கொண்டது இந்தச் சாத்திரப் பார்வையைத்தான். சாத்திரத்தின் பிடி தளர்வாக இருந்த பெரும்பான்மைச் சமூகங்களில், மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசம் மேலும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் சாதிக்குச் சாதி பரிசத் தொகை குறிக்கப்பட்டிருக்கிறது. பணம், தானியம், சேலை, தாலிக்குப் பொன் என்று அது பல வடிவில் வந்தது. சில இடங்களில் பெண்ணின் தாய்க்கு மட்டும் முலைப்பால் கூலி என்று தனியாக ஒரு சிறு தொகை உண்டு.

பரிசத்தின் பொருளாதார அடிப்படை எளியது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்களின் வேலை. ஒரு மகள் மணமாகிப் போனால் ஒரு வீடு இரண்டு கைகளை இழக்கிறது, இன்னொரு வீடு பெறுகிறது. பெறுகிற வீடு ஈடு கொடுத்தது. எஸ்தர் போசரப் 1970இல் வெளியிட்ட நூலில் பெண்களின் வேளாண் உழைப்புக்கும் மணப்பணத்தின் திசைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார். அந்த வாதம் எல்லா நாடுகளுக்கும் அப்படியே பொருந்துமா என்று மானிடவியலாளர் வாதிட்டு வருகிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியின் நடவுக் கூலிப் பெண்களுக்கு அது பெருமளவு பொருந்துகிறது என்பது என் கருத்து.

ஆனால் பரிசக் காலத்தைப் பொற்காலமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசம் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அந்த மதிப்பைப் பெற்றவர் அவளுடைய தந்தை. கணவனை விட்டு அவள் வந்துவிட்டால் பரிசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதால், அவளைத் திரும்ப அனுப்பிவைப்பதில் பிறந்த வீட்டுக்கே ஆதாயம் இருந்தது. ஒன்றை மட்டும் அந்த முறைக்குச் சாதகமாகச் சொல்லலாம். பரிசம் வழங்கிய சமூகங்கள் பலவற்றில் பெண் தீர்த்துக்கொண்டு வரவும், மறுபடி மணம் செய்துகொள்ளவும் வழி இருந்தது. அறுத்துக் கட்டுவது என்று அதற்குப் பெயர். பின்னாளில் மேல்நிலை தேடிய சாதிகள் முதலில் கைவிட்ட வழக்கங்களில் இதுவும் ஒன்று. அறுத்துக் கட்டுகிறவர்கள் என்பதே வசையாயிற்று; ஒரு பெண்ணுக்கு இருந்த வெளிவாசல் சாதியின் மானம் என்ற பெயரில் சாத்தப்பட்டது.

பரிசத்தைத் தாங்கி நின்ற இன்னொரு தூண் முறை. அத்தை மகன், மாமன் மகள், பல சமூகங்களில் தாய்மாமனே மாப்பிள்ளை. கொண்டான் கொடுத்தான் உறவு தலைமுறை தலைமுறையாக இரண்டு வீடுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957இல் வெளியான தம் நூலில் இந்தத் தொடர்ச்சியையே தென்னிந்தியத் திருமணத்தின் உள்ளமைப்பாகக் கண்டார். அவருடைய வாதத்தில் வீடுகளும் ஆண்களும் பெரிதாகத் தெரிகிறார்கள். எனக்கு அதில் பெண்கள் தெரிகிறார்கள். மணமாகிப் போனவள் பிறந்த வீட்டின் மீது வைத்திருக்கும் உரிமைதான் முறை. தன் அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கேட்கிறவள் அத்தை. கேட்டுக் கிடைக்காவிட்டால் அது அவமதிப்பு. ஆண்டுக்கணக்கில் பேச்சு அறுந்துபோகும்.

கொங்கு வேளாளர் திருமணத்தில் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மணமகனையும் அவன் உடன்பிறந்தவளையும் கூறைச் சேலை கொண்டு இணைக்கும் சடங்கு அது. தம்பிக்குப் பிறக்கப்போகும் பிள்ளை தன் பிள்ளைக்கு என்ற அக்காவின் கோரிக்கை அதற்குள் இருப்பதை, 1972இல் கொங்கு நாட்டு உழவர் சமூகத்தைப் பற்றி எழுதிய பிரெண்டா பெக் எடுத்துக்காட்டினார். வேறொரு பெண் மனைவியாக வீட்டுக்குள் வரும் நாளில், உடன்பிறந்தவளின் உரிமை ஊரறிய உறுதிப்படுகிறது. இந்த அளவு வெளிப்படையாகப் பெண்ணின் பேச்சுரிமையைச் சொல்லும் சடங்கு வேறு இருப்பதாக நான் அறியேன். அதே சமயம், அத்தையின் உரிமை என்பது அண்ணன் மகளின் விருப்பத்துக்கு மேல் வைக்கப்பட்ட உரிமை. ஒரு பெண்ணின் கை ஓங்கிய இடத்தில் இன்னொரு பெண் கேட்கப்படவே இல்லை. 35 வயதுத் தாய்மாமனுக்கு 15 வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். முறை அவர்களுக்குத் தெரிந்த வீட்டைக் கொடுத்தது. தெரிந்த வீட்டிலும் வாய் திறக்க முடியாத நிலையையும் கொடுத்தது.

தானமாகிப்போன பெண்

கன்னிகாதானம் என்ற கருத்து, பெண்ணைப் பரிமாற்றத்திலிருந்து எடுத்துத் தானப்பொருளாக்கியது. தானம் கொடுத்ததற்குக் கைம்மாறு வாங்கக் கூடாது. தானத்தோடு தட்சணையும் சேர வேண்டும். வரனுக்குக் கொடுக்கும் தட்சணை வரதட்சணை. ஆனால் இந்தச் சொல்லிலிருந்து இன்றைய கொடுமையை நேராக வருவித்துவிட முடியாது. எம். என். ஸ்ரீநிவாஸ் 1980களில் வரதட்சணை குறித்து ஆற்றிய உரையில் இதை வற்புறுத்தினார். தென்னிந்தியாவின் நவீன வரதட்சணை பழைய கன்னிகாதானத்தின் தொடர்ச்சி அல்ல. ஆங்கிலேயர் ஆட்சி கொண்டுவந்த பணப்பொருளாதாரம், ஆங்கிலக் கல்வி, மாதச் சம்பள உத்தியோகம் ஆகியவற்றின் விளைவு என்றார் அவர். நானும் அதையே ஏற்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பி.ஏ. முடித்த, சர்க்கார் உத்தியோகம் கிடைத்த இளைஞர்கள் கொஞ்சம் பேர்தான். சாதிக்குள், கோத்திரம் விலக்கி, ஜாதகமும் பொருந்த வேண்டும் என்றால் அந்தக் கொஞ்சமும் இன்னும் சுருங்கும். கூடவே, பெண் பூப்பெய்துவதற்குள் மணம் முடிக்க வேண்டும் என்ற கெடு. காத்திருக்க முடியாதவர் பெண்ணின் தந்தை. காத்திருக்கக் கூடியவர் பையனின் தந்தை. விலை எந்தப் பக்கம் ஏறும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கெடுவின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். 1886இல் பிறந்த சுப்பலட்சுமி 11 வயதில் மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தார். அவருடைய தந்தை வழக்கத்தை மீறி அவரைப் படிக்கவைத்தார். 1911இல் பட்டம் பெற்ற சுப்பலட்சுமி, சென்னை ஐஸ் ஹவுஸில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் நடத்தி அவர்களை ஆசிரியைகளாக்கினார். சகோதரி சுப்பலட்சுமி என்று அவரை அறிவோம். பால்ய மணத்தில் பெண்ணுக்கு மனைவி, கைம்பெண் என்ற இரண்டு நிலைகள் மட்டுமே இருந்தன. ஆசிரியை என்ற மூன்றாவது நிலையை அந்த இல்லம் உண்டாக்கியது.

1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 என்றும் ஆணுக்கு 18 என்றும் வைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக உழைத்தார்; சென்னை மாகாணத்து வைதிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1930 ஏப்ரல் 1இல்தான் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று தெரிந்ததும், இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்கு மணம் நடந்தது. சட்டம் அந்த மணங்களைத் தடுக்கவில்லை. ஆனால் வயது என்பது சாத்திரத்தின் கையிலிருந்து சட்டமன்றத்தின் கைக்கு வந்துவிட்டது. 1978இல் அது 18, 21 என்று உயர்ந்தது. கெடு தளர்ந்ததும் பெண் பள்ளிக்கூடத்தில் கூடுதலாகச் சில ஆண்டுகள் இருக்க முடிந்தது. படித்த பெண்ணுக்கு அவளைவிட அதிகம் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்ற புதிய கணக்கும் பிறந்தது.

அதே 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சமமான சொத்துரிமையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்கு முந்தைய ஆண்டே அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்திருந்தது. இத்தகைய மணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லத்தக்கதாக்கியது. கன்னிகாதானம் இல்லாமல், இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலே திருமணம்தான். மணமகள் தன் வாயால் சம்மதம் சொல்லுவது சட்டத்தின் பார்வையில் மணத்தின் உயிராகிவிட்டது. இது பெரிய மாற்றம். இருந்தாலும் சடங்கு மாறிய அளவுக்கு இணை தேடும் முறை மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடையில் தலைவர்கள் நடத்திவைத்த மணங்களிலும் பெரும்பாலானவை சொந்தச் சாதிக்குள் பெரியவர்கள் பேசி முடித்தவையே.

பணத்தின் திசை

பிராமணரிடையே தொடங்கிய வரதட்சணை, நிலமும் படிப்பும் உத்தியோகமும் பெற்ற மற்றச் சாதிகளுக்கு அடுத்தடுத்து இறங்கியது. திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைப் பல சாதிகளின் பார்வையில் ஆராய்ந்த காரின் கபாடியா, 1995இல் வெளியிட்ட நூலில் இந்த இறக்கத்தை நெருக்கமாகக் காட்டியிருக்கிறார். குடும்பத்தில் ஒருவனுக்கு வெளியூரில் சம்பள வேலை கிடைத்ததும் அவனுக்கு மாமன் மகள் போதாதவளாகிவிடுகிறாள். முறை உடைகிறது, அந்நியத்தில் பெண் எடுக்கிறார்கள், அந்நியத்தில் எடுத்தால் பணம் கேட்கலாம். அண்ணனிடம் கேட்க அத்தை கூசுவாள். முன்பின் தெரியாத சம்பந்தியிடம் கேட்கக் கூச்சமில்லை. வசதி வந்த வீடுகளில் பெண்களை வயல் வேலைக்கு அனுப்புவதை நிறுத்துகிறார்கள், அது கௌரவம். ஈடு கொடுத்து வாங்கப்பட்ட உழைப்பு, இப்போது வீட்டுக்குள் கணக்கில்லாத உழைப்பாகிறது. சம்பாதிக்காத மருமகளைச் சோறுபோட்டு வைத்திருப்பதற்கு ஈடு கேட்கும் மனநிலை இங்கேதான் வேர்விடுகிறது என்று நினைக்கிறேன். இன்னும் தினம் நடவுக்குப் போகிற தலித் பெண்களின் வீடுகளில் வரதட்சணை தாமதமாக வந்ததை இது விளக்குகிறது.

இந்த மாற்றம் வேகமாக வந்த இடங்களில் அது உயிர்களை எடுத்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பதை 1986 ஜூனில் இந்தியா டுடே இதழ் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வைகை அணைப் பாசனம் வந்து கையில் காசு புழங்கத் தொடங்கிய பின்பு அங்கே பரிசம் போய் வரதட்சணை நுழைந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு மகள் பிறந்தால் பரிசம் வரும் என்றிருந்த வீட்டில், மகள் என்பது கடனாகிப்போனது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெற்றவளே பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போக அரசு ஏற்பாடு செய்ய வேண்டி வந்ததை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

சட்டம் பணத்தின் திசையைப் பார்த்தது. அது சேரும் கையையும் பார்த்தது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. வரதட்சணையை யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அதை மணப்பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவளுக்காக வைத்திருப்பவர் மட்டுமே என்கிறது அது. சீதனம் மனைவிக்கே முழு உரிமையான சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே ஆண்டு வந்த விதிகள், மணமக்களுக்கு வரும் பரிசுகளைப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கத் திருமணங்களில் மொய் நோட்டு எழுதப் படித்தவர் ஒருவரை உட்கார்த்தி, 101 ரூபாய்க்கும் ஊர், பெயர், தகப்பன் பெயர் எழுதுவார்கள். மணப்பெண்ணின் பெயரில் இப்படியொரு பட்டியல் எழுதப்பட்டதை நான் ஒரு திருமணத்திலும் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் மகளின் பெயருக்குப் போகும் சொத்து. வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். பெயர் அவளுடையதாக இருந்தும், அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றது 1911இன் மணவுரிமைச் சட்டம். பெயர் வேறு, கை வேறு.

தமிழ்நாட்டில் சொத்துரிமை 1989இல் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பங்காளி என்று அவ்வாண்டு மாநிலச் சட்டம் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே தாலி கோடு போட்டது. அக்கோட்டை அழித்தது 2005இன் மத்தியத் திருத்தம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், இனி பங்கு எதற்கு என்று வரதட்சணையைக் காட்டியே மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. நான் பார்த்த குடும்பங்களில் அண்ணன்மார் கேட்டால் மறுக்கிற தங்கைகள் குறைவு. நாளைக்குத் தாய்மாமன் சீருக்கு அவர்கள்தானே வந்து நிற்க வேண்டும்.

முறை மணம் முற்றாக மறையவில்லை. தாய்மாமன் மணத்தைத் தடைசெய்யப்பட்ட உறவு என்று வகுத்த 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கும் தந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் இரத்த உறவில் மணந்தவர்கள்; நாட்டின் சராசரி 11. மறுபுறம், தரகரும் நாளிதழ் விளம்பரமும் செய்த வேலையை 1990களின் இறுதியிலிருந்து இணையத் திருமணச் சேவைகள் எடுத்துக்கொண்டன. அத்தையின் உரிமை அங்கே செல்லாது. சாதி, நட்சத்திரம், சம்பளம் ஆகிய மூன்றும் செல்லும். மகளே உட்கார்ந்து பார்த்து வேண்டாம் என்று தள்ளிவிட முடிகிறது என்பது உண்மையான ஆதாயம். நேரில் முகம் பார்த்து மறுக்க முடியாதவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

அரசும் இந்தக் கணக்கில் ஒரு கையாகவே இருந்திருக்கிறது. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய். தொகை படிப்படியாக 25,000 ஆனது; 2011இல் பட்டதாரிக்கு 50,000 ஆக உயர்ந்தது, தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. பிறகு தங்கம் 8 கிராம் ஆனது. படிப்பைத் திருமணத்தோடு கட்டியதால் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. பணம் கிடைப்பது திருமணம் நடந்தால்தான் என்பதும் அதில் இருந்தது. 2022இல் அந்தத் திட்டம் மாற்றப்பட்டது. புதுமைப் பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது. தாலி இல்லை, மாப்பிள்ளை இல்லை, தந்தையின் கையெழுத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

பரிசம் தந்தையின் கைக்குப் போனது. வரதட்சணை மாமனார் வீட்டுக்குப் போனது. இந்த ஆயிரம் ரூபாய் வந்துசேரும் கணக்கின் அட்டையை வீட்டில் யார் வைத்திருக்கிறார்கள், மணம் பேச வருகிறவர்கள் அதையும் விசாரிக்கிறார்களா என்பதை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.